கடையில் வேலை பார்த்த பையன் திருடிட்டான், இப்ப உள்ளே இருக்கான். ராஜி ஆகலாமா?

பெயிண்ட்கடை_கடலூர் (திங்கள், இரவு 10.40)

வழக்கமா இங்க மழை, கரண்ட் கட், மீன் விலைன்னு படிச்சிட்டுப் போற ஆளு நான். எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

திருப்பாதிரிப்புலியூர்ல பெயிண்ட், ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல் சாமான் கடை. அப்பா ஆரம்பிச்சது. ரெண்டு வருஷமா ஒரு பையன் வேலைல இருந்தான். முதுநகர் பக்கம் வீடு, வயசு 19. அப்பா கிடையாது. அம்மா மீன் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறவங்க. பையன் நல்ல சுறுசுறுப்பு. பெயிண்டருங்க கலர் நம்பரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள டப்பா கவுண்டர் மேல இருக்கும்.

தீபாவளிக்கு முன்னாடி ஸ்டாக் எடுத்தப்போ ஒயர் காயில் கணக்கு இடிச்சது. குடோன் பின்கதவு வழியா அஞ்சு மாசமா ஒண்ணு ரெண்டா காயிலும் பித்தளைக் குழாயும் போயிருக்கு. மொத்தம் 46,000 ரூபாய் சொச்சம். பக்கத்துக் கடை கேமராவுல தெரிஞ்சது. கேட்ட உடனே ஒத்துக்கிட்டான். ஒரு வயரிங் கான்ட்ராக்டர் பாதி விலைக்கு வாங்கியிருக்கார்.

கோபத்துல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன். எஃப்ஐஆர் போட்டு ரிமாண்ட் பண்ணிட்டாங்க. இன்னிக்கு 24-வது நாள். ஜாமீன் எடுக்க ஆள் இல்ல. பாதி விலைக்கு வாங்கின ஆளு எங்கேன்னு கேக்கறீங்களா? அவர் சாட்சி. பேர் சாட்சி லிஸ்ட்ல இருக்கு.

பையனோட அம்மா காலைல வேலை முடிச்சு நேரா வந்து, எதிர்ல மூடிக் கிடக்கிற கடைப் படியில உட்கார்றாங்க. ஒண்ணும் கேக்கறதில்ல, அழறதில்ல. பத்தரை வரைக்கும் இருந்துட்டுப் போறாங்க. போன வாரம் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கல்லா மேல வச்சுட்டுப் போயிட்டாங்க. உள்ள 11,000 ரூபாய். நோட்டெல்லாம் மீன் வாடை.

போலீசுக்குப் போனதே தப்பு, கணக்கைத் தீர்த்து அனுப்பியிருக்கணும்னு அப்பா சொல்றார். கடைத்தெருக்காரங்க, "நீ விட்டுட்டா எங்க கடைப் பசங்களுக்கும் துளிர் விட்டுடும்"ங்கிறாங்க. கேஸை வாபஸ் வாங்கலாமா? வாங்கினா தப்பா? சட்டம் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க.

ஸ்டீல்கடை_அண்ணாச்சி (திங்கள், இரவு 11.05)

வாங்காதீங்க தம்பி. பாவம் பார்த்தா பழி வந்து சேரும்னு சும்மாவா சொன்னாங்க.

எனக்கும் நடந்திருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் எவர்சில்வர் அண்டா நாலு கொண்டுபோயிட்டான். அவன் பொண்டாட்டி கைக்குழந்தையோட வந்து நின்னா. விட்டுட்டேன். மூணாம் மாசம் அடுத்த தெருவுல ஒரு கடைப் பூட்டை உடைச்சு மாட்டினான். அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்து, "நீ அன்னிக்கே விடாம இருந்திருந்தா"ன்னு கேட்டான். இன்னிக்கும் அவன்கிட்ட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல.

46,000 லாபம் பார்க்கணும்னா நீங்க எத்தனை பெயிண்ட் பக்கெட் விக்கணும்? அம்மா உட்கார்ந்திருக்காங்க, சரி. உங்க அம்மா உட்கார்ந்திருந்தா அவன் யோசிச்சிருப்பானா?

சிங்கம்_2.0 (திங்கள், இரவு 11.20)

ஒரே வழி. குண்டாஸ். அப்புறம் பாத்ரூம்ல வழுக்கி விழணும். கை கட்டோட போட்டோ பேப்பர்ல வந்தா அடுத்தவன் திருட மாட்டான் 😂

வாய்தா_வக்கீல் (செவ்வாய், காலை 7.15)

முதல்ல சட்டம், அப்புறம் நியாயம்.

1. நீங்க கேஸை "வாபஸ்" வாங்க முடியாது. எஃப்ஐஆர் ஆன நிமிஷத்துலேர்ந்து அது அரசாங்கத்தோட வழக்கு. கோர்ட் கட்டுல உங்க பேர் வாதியா இருக்காது. "அரசு, காவல் ஆய்வாளர் வழியாக" அப்படின்னுதான் இருக்கும். நீங்க அதுல ஒரு சாட்சி. அந்த வயரிங்காரர் மாதிரியே.

2. ஆனா ராஜி ஆகலாம். வேலைக்காரன் முதலாளி பொருளைத் திருடினதுன்னா புதுத் தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ல 306-வது பிரிவு, பழைய ஐபிசி 381. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை. இதைக் கோர்ட் அனுமதியோட, பொருளுக்குச் சொந்தக்காரர் ராஜி பண்ணிக்கலாம். மாஜிஸ்திரேட் ஏத்துக்கிட்டா அது விடுதலைக்குச் சமம். பையன் மேல தண்டனைன்னு ஒண்ணும் இருக்காது.

3. 2024 ஜூலை 1-லேர்ந்து வந்த பிஎன்எஸ்ல சமூக சேவைன்னு ஒரு தண்டனை புதுசா இருக்கு. உடனே அதைக் கேக்காதீங்க. சாதாரணத் திருட்டா இருக்கணும், முதல் தடவையா இருக்கணும், பொருள் மதிப்பு 5,000-க்குக் கீழ இருக்கணும், திருப்பிக் கொடுத்திருக்கணும். உங்க கணக்கு அதுல அடங்காது.

4. ஏழு வருஷம் வரைக்கும் உள்ள குற்றத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டு கைது பண்ணக்கூடாதுன்னு 2014-ல அர்னேஷ் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லலாம். கைது பண்ணினா ஏன்னு காரணம் எழுதணும். நடைமுறையில என்ன எழுதுவாங்க தெரியுமா? "தலைமறைவாகிவிடுவார்." அம்மாவை விட்டுட்டு முதுநகர்லேர்ந்து எங்க தலைமறைவாகறது, இலங்கைக்கா?

சிங்கத்துக்கு ஒரு வார்த்தை. குண்டாஸ்ங்கிறது 1982-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம். குற்றத்தை நிரூபிக்காமலே ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கிற தடுப்புக் காவல். ஒயர் காயிலுக்கு அதைக் கேக்கறது கொசுவுக்குப் பீரங்கி.

ஸ்டீல்கடை_அண்ணாச்சி (செவ்வாய், காலை 8.02)

வக்கீல் சார், திருட்டுக் கொடுத்தவன் நான், வழக்கு அரசாங்கத்துதா? அப்ப நான் யாரு?

வாய்தா_வக்கீல் (செவ்வாய், காலை 8.30)

அண்ணாச்சி, அது ஒரு காலத்துல நல்லதுக்குத்தான் வச்சது. வழக்கு உங்க கையில இருந்தா, உங்களுக்கு ஆள் பலம் இருந்தா அவன் செத்தான். அவனுக்கு ஆள் பலம் இருந்தா நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. அதனால பழிவாங்கற வேலையை அரசாங்கம் தன் தலையில எடுத்துக்கிட்டது. எடுத்துக்கிட்டதுல ஒரு கோளாறும் நடந்துபோச்சு. திருட்டுக் கொடுத்தவரை யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. 46,000-ல ஒரு ரூபா இவருக்கு வருமான்னு அந்தக் கட்டுல எங்கேயும் ஒரு வரி இருக்காது.

ஓய்வு_வார்டர் (செவ்வாய், மதியம் 2.10)

ஜெயில் துறைல 31 வருஷம் சர்வீஸ். எந்தெந்த ஜெயில்னு கேக்காதீங்க.

வெளியில இருக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியாது. தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு. தறி, பேக்கரி, தோட்டம், தையல். கொஞ்சமோ நஞ்சமோ கூலி உண்டு. விசாரணைக் கைதிக்கு அது கிடையாது. காலைல கதவைத் திறந்து சாயங்காலம் பூட்டுற வரைக்கும் சும்மா. சும்மா உட்கார்ந்திருக்கிற 19 வயசுப் பையன் பேச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பான். யார் பேச்சைக் கேப்பான்? அவனை விட விவரமான திருடன் பேச்சை. ஒயர் காயிலை எடுத்தவன் வெளியில வரும்போது எந்த பைக் லாக் எப்படித் திறக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வருவான். இந்திய ஜெயில்ல இருக்கற நாலு பேர்ல மூணு பேர் தீர்ப்பு வராதவன்தான், இதை யாரும் யோசிக்கிறதில்ல.

இன்னொண்ணு. பையன் உள்ள ரெண்டு மூணு மாசம் இருந்துட்டான்னு வைங்க. கோர்ட்ல யாராவது காதுல சொல்லுவாங்க: "ஒத்துக்கோடா, இருந்த நாளைக் கழிச்சு விட்டுடுவாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். கேஸ் நடத்தினா இன்னும் எட்டு மாசம் வாய்தா வாய்தான்னு அலையணும்." செஞ்சவனும் ஒத்துக்குவான், செய்யாதவனும் ஒத்துக்குவான். கையெழுத்துப் போட்டுட்டு வெளியில வந்தப்புறம்தான் தெரியும், அவன் பேருக்குப் பின்னாடி "பழைய குற்றவாளி"ன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டது. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எங்க சைக்கிள் காணாமப் போனாலும் ராத்திரி இவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. சைக்கிள் கேஸ்ல நாலு மாசம் இருந்த ஒரு பையனை நானே அஞ்சு தடவை உள்ள வாங்கியிருக்கேன். கடைசித் தடவை வந்தப்போ அவனுக்கு மீசை நரைச்சிருந்தது.

தம்பி, மொதல்ல ஜாமீனைப் பாருங்க. ராஜி, நியாயம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

முத்தியால்பேட்டை_காரன் (செவ்வாய், மாலை 5.45)

புதுச்சேரியிலேர்ந்து. வார்டர் ஐயா சொல்றது சரி. ஆனா எல்லாரையும் ஒரே தராசுல வைக்காதீங்க. 2024 மார்ச்சுல எங்க ஏரியாவுல ஒரு சின்னக் குழந்தையைக் கொன்னதுக்கு ஊரே ரோட்டுக்கு வந்தது. நானும் நின்னேன். "தூக்குல போடு"ன்னு நானும்தான் கத்தினேன். இப்பவும் அதுல எனக்கு வெட்கம் இல்ல. குற்றம் சாட்டப்பட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் தீர்ப்புக்கு முன்னாடியே ஜெயில்லயே செத்துப்போனார். சிலர் பட்டாசு வெடிக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு என்னவோ ஏமாத்தமா இருந்தது. என்ன நடந்ததுன்னு கூண்டுல நிக்க வச்சு ஒவ்வொண்ணா கேட்டு வெளியில வந்திருக்கணும்.

சரி, ஒயர் காயில் விஷயத்துக்கு: தண்டனைன்னு ஒண்ணு இருக்கறதே எந்தப் பக்கம் நிக்கறோம்ங்கிறதைப் பொறுத்ததுதானே? எங்க ஊர்ல கடையில பில் போட்டு வாங்கற சரக்கு பாட்டிலை, கடலூர் எல்லையில ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பையிலிருந்து எடுத்தா அதே ஆள் கடத்தல்காரன். இருபது கிலோமீட்டர்ல மனுஷன் மாறிட்டானா?

சிங்கம்_2.0 (செவ்வாய், மாலை 6.00)

அப்ப திருட்டையும் அனுமதிச்சுடலாமா? சூப்பர்.

கெடிலக்கரை_டீச்சர் (செவ்வாய், இரவு 9.30)

பெயிண்ட்கடை தம்பி, ஒரு கேள்வி. பதில் சொல்ல விருப்பம் இல்லன்னா விட்டுடுங்க.

"கேட்ட உடனே ஒத்துக்கிட்டான்"னு எழுதியிருக்கீங்க. அது கடையிலயா, ஸ்டேஷன்லயா? ஸ்டேஷன்ல நீங்க இருந்தப்போ அவனை அடிச்சாங்களா?

என் தம்பி ஒருத்தன் 2009-ல இப்படி ஒரு விசாரணைக்குப் போனவன். செல்போன் திருட்டுன்னு சந்தேகம். போன் அடுத்த நாள் அவங்க வீட்டு பீரோ இடுக்குல கிடைச்சது. தம்பிக்கு இன்னிக்கும் இடது காது சரியா கேக்காது. போன்காரர் நல்ல மனுஷர், வந்து மன்னிப்புக் கேட்டார், ஆப்பிள் வாங்கிட்டு வந்தார். அடிச்சவங்க யாரும் வரல. அதனாலதான் கேக்கறேன்.

பெயிண்ட்கடை_கடலூர் (புதன், இரவு 11.50)

டீச்சர், நேத்து உங்க கேள்வியைப் பார்த்துட்டு போனை மூடி வச்சுட்டேன். இப்ப எழுதறேன்.

கடையில கேட்டப்போ ஒத்துக்கிட்டது உண்மை. எத்தனை காயில்னு கேட்டதுக்கு ஏழுன்னு சொன்னான். எங்க கணக்குல 17. ஸ்டேஷன்ல அதைச் சொன்னேன். "மீதி பத்து எங்கடா"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். எனக்கு டீ வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க. உள்ரூம் கதவு பாதி திறந்திருந்தது.

நான் எழுந்து போகல. நிறுத்தச் சொல்லல. டீயைக் குடிச்சேன். உண்மையைச் சொல்லணும்னா, முதல் ரெண்டு சத்தத்துக்கு எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்தது. ரெண்டு வருஷம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட பையன் என்னை முட்டாளாக்கிட்டான்ங்கிற எரிச்சல். மூணாவதுக்கு அப்புறம் அவன் "அண்ணே"ன்னு கூப்பிட்டான். ஏட்டையாவைக் கூப்பிடறான்னு நினைச்சேன், என்னைத்தான் கூப்பிட்டிருக்கான். நான் கடைக்குப் போன் பண்ற மாதிரி வெளியில போயிட்டேன்.

அப்புறம் 17-னு ஒத்துக்கிட்டான். நேத்து ராத்திரி திரும்ப ரிஜிஸ்டரைப் பார்த்தேன். ஜூலைல நாலு காயில் நான்தான் ஒரு கான்ட்ராக்டருக்குக் கடனுக்கு அனுப்பியிருக்கேன், எழுத மறந்திருக்கேன்.

ஸ்டீல்கடை_அண்ணாச்சி (வியாழன், காலை 6.40)

தம்பி, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. 13 எடுத்தாலும் திருட்டுதான்.

ஆனா அந்த நாலு காயிலை நாளைக்கே வக்கீல்கிட்ட சொல்லிடுங்க.

வாய்தா_வக்கீல் (வியாழன், காலை 7.30)

அண்ணாச்சி சொன்ன ரெண்டாவது வரியை நான் வழிமொழியறேன்.

போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு 150 வருஷமா சட்டம் இருக்கு. வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருந்தது, அடிச்சா யாரும் எதையும் ஒத்துக்குவான்னு. அவன் சொன்னதை வச்சுப் பொருள் கிடைச்சா அந்த அளவுக்கு மட்டும் செல்லும்னு ஒரு சந்து விட்டுவச்சாங்க. பாதி ஸ்டேஷன் நடக்கறது அந்தச் சந்துலதான். 1996-ல டி.கே.பாசு வழக்குல கைது பண்ணினா என்னென்ன செய்யணும்னு உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டது. கைதுக் குறிப்பு, சொந்தக்காரங்களுக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை. 2020 டிசம்பர்ல எல்லா ஸ்டேஷன்லயும் சத்தமும் பதிவாகிற மாதிரி கேமரா வைக்கணும்னும் சொல்லியாச்சு. நம்ம மாநிலத்துல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் அடியில செத்த அதே வருஷம்.

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசும் இல்ல. 1993-ல கம்மாபுரம் ஸ்டேஷன். முதனை கிராமத்துக் குறவர் ஒருத்தரை நகைத் திருட்டுச் சந்தேகத்துல கூட்டிட்டுப் போனாங்க. "தப்பிச்சு ஓடிட்டான்"னு எழுதினாங்க. உடம்பு வேற மாவட்டத்துல கிடைச்சது. அவர் மனைவி எழுத்தறிவு இல்லாதவங்க, விடாம நின்னாங்க. அன்னிக்கு வக்கீலா இருந்த கே.சந்துரு உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். போலீஸ்காரங்க குற்றவாளிகள்னு உயர் நீதிமன்றம் சொல்ல 2006 ஆச்சு. 13 வருஷம். எல்லாம் ஒரு திருட்டுப் புகார்லேர்ந்து ஆரம்பிச்சது.

சிங்கம்_2.0 (வியாழன், காலை 9.10)

அது அப்பாவி. இவன் திருடன். ரெண்டும் ஒண்ணா?

வாய்தா_வக்கீல் (வியாழன், காலை 9.25)

யார் அப்பாவின்னு அடிக்கறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?

முத்தியால்பேட்டை_காரன் (வியாழன், மதியம் 1.00)

அடி வேண்டாம். சரி. ஆனா தண்டனை கடுமையா இருந்தா பயம் இருக்கும்ல? நம்ம கடலூர்க் கோர்ட்தானே 2021-ல விருத்தாசலம் பக்கத்து ஆணவக்கொலைக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. படிச்சப்போ நான் கை தட்டினேன்.

வாய்தா_வக்கீல் (வியாழன், மதியம் 2.20)

புதுக்கூரைப்பேட்டை வழக்கு. காதலிச்சுக் கல்யாணம் பண்ணின ரெண்டு பேரை 2003 ஜூலையில விஷம் ஊத்தி எரிச்சாங்க. பெண்ணோட அண்ணனுக்குத் தூக்கு, 12 பேருக்கு ஆயுள். 2022-ல உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக் குறைச்சது. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செஞ்சது.

நீங்க தூக்கைப் பார்த்தீங்க. நான் 18-ஐப் பார்த்தேன். 2003-லேர்ந்து 2021. விசாரிக்க வேண்டிய போலீசே வழக்கைத் திரிச்சு, செத்தவன் குடும்பத்து ஆட்களையும் குற்றவாளிப் பட்டியல்ல சேர்த்து, அப்புறம் சிபிஐ வந்து நிமிர்த்தினது. 2021-ல தண்டனை வாங்கினவங்கள்ல போலீஸ் அதிகாரிகளும் உண்டு. கொல்லப் போறவன், "மாட்டினா தூக்கு"ன்னா யோசிக்கிறான்? "ஊர் நம்ம பக்கம், ஸ்டேஷன் நம்ம பக்கம்"னுதான் யோசிக்கிறான். ரெண்டாவது மாசமே கைது, ரெண்டாவது வருஷமே தீர்ப்புன்னு இருந்திருந்தா தூக்கே தேவையில்ல.

தூக்குல இன்னொரு பிரச்சினை, திருத்த முடியாது. ராஜீவ் கொலை வழக்குல 1998-ல தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குன்னு எழுதினது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றத்துலேர்ந்து 19 பேர் வெளியே வந்தாங்க. மேல்முறையீடு இல்லாத நாடா இருந்தா அந்த 19 பேர்?

முத்தியால்பேட்டை_காரன் (வியாழன், மதியம் 2.50)

19-க்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தக் குழந்தை விஷயத்துல என் மனசும் மாறல. ரெண்டும் உண்மை, என்ன பண்ணச் சொல்றீங்க.

கரையேறவிட்டகுப்பம் (வியாழன், மாலை 4.15)

நம்ம ஊர் தண்டனைக்குப் பேர் போன ஊர்ங்க. சுண்ணாம்புக் காளவாய், விஷம், யானைன்னு எல்லாம் பண்ணிப் பார்த்துட்டு, கல்லைக் கட்டிக் கடல்ல தள்ளின அப்பர் கரையேறினது எங்க தெருவுக்குப் பக்கத்துலதான்னு சொல்லுவாங்க. தள்ளச் சொன்ன பல்லவ ராஜா கடைசியில அவர் பக்கமே வந்துட்டான். 1918-ல பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்ததும் பிடிச்சு கடலூர்ச் சிறையில வச்சாங்க. இன்னிக்கு அதே கேப்பர் மலை ஜெயில்ல அவருக்குச் சிலை. கல்லைக் கட்டினவங்க கணக்கு எப்பவும் பின்னாடி இடிக்குது.

நெறியாளர் (வியாழன், மாலை 6.00)

அப்பர், பாரதி ஓகே. அடுத்து மனுநீதிச் சோழன் கன்னுக்குட்டியை ஓட்டிக்கிட்டு யாரும் வந்துடாதீங்க. கேள்வி: ராஜி ஆகலாமா. இழையை அங்கேயே வையுங்க. சிங்கம்_2.0-ன் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன (பையனின் சாதியை ஊகித்து எழுதியது).

கெடிலக்கரை_டீச்சர் (வியாழன், இரவு 8.40)

தம்பி உண்மையை எழுதினதுக்கு நன்றி. உங்களைக் குத்தறதுக்காகக் கேக்கல.

ராஜியைப் பத்தி என் மனசுல ஓடறதைச் சொல்றேன். ராஜி நல்ல வார்த்தை மாதிரி இருக்கு, ஆனா யாருக்கு நல்லது? நம்ம பக்கத்துல ராஜின்னாலே பெரிய மனுஷங்க நாலு பேர் உட்கார்ந்து, அடி வாங்கினவன் கையில காசைத் திணிச்சு கையெழுத்து வாங்கறது. வன்கொடுமைச் சட்டத்துல, பொண்ணுங்க வழக்குல ராஜி கூடாதுன்னு வச்சிருக்கறது அதனாலதான். மேல இருக்கறவன் கீழ இருக்கறவன்கிட்ட ராஜி கேட்டா அது மிரட்டல்.

இங்க தலைகீழ். நீங்க மேல இருக்கீங்க, அவன் கீழ. நீங்க மன்னிக்கலாம். ஆனா அந்த 11,000-ஐ எண்ணி வாங்கிட்டுத்தான் மன்னிப்பீங்கன்னா அதுக்கு வேற பேர். அவங்க அதை எங்க புரட்டினாங்கன்னு கேட்டீங்களா?

ஸ்டீல்கடை_அண்ணாச்சி (வியாழன், இரவு 9.15)

டீச்சரம்மா, அது எப்படி? 46-ல 11 வாங்கக்கூடாதா? திருடினதைத் திருப்பிக் கொடுக்கணும்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? ஜெயிலுக்குப் போறது எனக்கு எதுக்கு? நான் கட்டற வரியிலதான் அவனுக்குச் சோறு. திருப்பிக் கொடுக்கறதுதான்யா தண்டனை. மாசம் ஆயிரமா நாலு வருஷம் கட்டட்டும். கட்டும்போதெல்லாம் நினைச்சுக்குவான். பாதி விலைக்கு வாங்கினானே அவன் மீதிப் பாதியைக் கட்டட்டும். அவனை ஏன் எல்லாரும் மறந்துட்டீங்க?

வாய்தா_வக்கீல் (வியாழன், இரவு 9.40)

அண்ணாச்சி நாலு நாளா எதிர்க்கட்சின்னு நினைச்சேன். இது எங்க சட்டக் கல்லூரியில ஒரு பாடமாவே உண்டு.

வாங்கினவரைப் பத்தி: திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்கறது தனிக் குற்றம், பிஎன்எஸ் 317. புது காயிலை அட்டைப் பெட்டியோட பாதி விலைக்குக் கொடுத்தா, அது எங்கிருந்து வந்ததுன்னு வயரிங் தொழில்ல இருக்கறவருக்குத் தெரியாதா? சாட்சியாப் போட்டா வழக்கு சுலபமா நிக்கும்னு அவரை அந்தப் பக்கம் நகர்த்தியிருப்பாங்க.

பெயிண்ட்கடை சார், இனி செய்ய வேண்டியது. காவல்ல இருக்கற யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, 1987-ம் வருஷத்துச் சட்டம். அம்மாவைக் கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்க. அவங்களே ஜாமீன் மனு போடுவாங்க. அரசு வக்கீல்கிட்ட உங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னு சொல்லுங்க. நாலு காயில் விஷயத்தை எழுதிக் கொடுங்க. ராஜிக்குக் கோர்ட் ஒத்துக்கலன்னா 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் இருக்கு. 21 வயசுக்குக் கீழ இருக்கறவனை இந்த மாதிரி வழக்குல ஜெயிலுக்கு அனுப்பணும்னா மாஜிஸ்திரேட் ஏன்னு காரணம் எழுதியாகணும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிச்சு அறிக்கை கொடுப்பார். அந்தச் சட்டம் இருக்கறதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சில வக்கீல்களையும் சேர்த்துத்தான்.

ஓய்வு_வார்டர் (வெள்ளி, காலை 6.10)

முடிஞ்சா ஒரு தடவை ஜெயில்ல மனு போட்டு அவனைப் பார்த்துட்டு வாங்க தம்பி. ஆதார் அட்டை எடுத்துக்கோங்க. பழம், பிஸ்கட்னு அள்ளிக்கிட்டுப் போகாதீங்க, உள்ள விட மாட்டாங்க.

பெயிண்ட்கடை_கடலூர் (பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 10.15)

தாமதத்துக்கு மன்னிக்கணும். மழை, குடோன் ஒழுகல், அலைச்சல்.

மனு பார்த்தேன். அவன் அம்மாவும் நானும் ஒரே பஸ்ல போனோம், பேசிக்கல. அவன் இளைச்சிருந்தான். நான் என்ன சொல்லணும்னு பஸ்ல மனப்பாடம் பண்ணிட்டுப் போனது எல்லாம் மறந்துபோச்சு. அவனே ஆரம்பிச்சான்: "அண்ணே, மேல் ரேக் பக்கம் ஓடு ஒழுகும், சுவர்ப் புட்டி மூட்டையைக் கீழ இறக்கிட்டீங்களா?" இறக்கல. மூணு மூட்டை கல்லாப் போச்சு. அதைச் சொல்லவும் முடியல. ஸ்டேஷன்ல நான் வெளியில போனதைப் பத்தி மன்னிப்புக் கேட்டேன். அவன் அதுக்குப் பதில் சொல்லல. ஏன்டா எடுத்தன்னு நானும் கேக்கல. நேரம் முடிஞ்சுபோச்சு.

நாலு காயில் விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். வாங்கினப்போ ஸ்டேஷன்ல ஒரு மாதிரி பார்த்தாங்க. வயரிங்காரரைப் பத்தியும் எழுதிக் கொடுத்தேன், இதுவரைக்கும் பதில் இல்ல. அவர் இப்ப எங்க கடைக்கு வர்றதில்ல, வேற கடையில வாங்கறார்.

இலவச வக்கீல் மூலமா ஜாமீன் கிடைச்சது. ரெண்டு ஜாமீன்தாரர்ல ஒருத்தர் அவங்க தெருவுல படகு வச்சிருக்கறவர். இன்னொருத்தர் எங்க அப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கோர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து சாப்பிட உட்கார்ந்துட்டார்.

பையன் வெளியில வந்து அஞ்சு நாள் ஆகுது. கடைக்கு வரல. அம்மா படியில உட்கார்றதை நிறுத்திட்டாங்க. அந்த 11,000 அதே கவர்ல கல்லாப் பெட்டியில இருக்கு. திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேங்கிறாங்க. "கணக்குல வச்சுக்கப்பா, மீதி 35 இருக்கு"ன்னாங்க. நாலு காயிலைக் கழிச்சா அவ்வளவு இல்லம்மான்னு சொன்னேன். நம்பல.

ராஜி மனு அடுத்த வாய்தாவுல போடறோம். திங்கட்கிழமை.

ஸ்டீல்கடை_அண்ணாச்சி (அதே நாள், இரவு 10.40)

பத்து மணிக்கே போயிடுங்க தம்பி. பேர் கூப்பிடும்போது இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் உட்கார வச்சுடுவாங்க. அன்னிக்குக் கடையைப் பார்த்துக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க, என் பெரியவனை அனுப்பறேன். பெயிண்ட் நம்பர் எல்லாம் அவனுக்குத் தெரியாது, கல்லாவுல மட்டும் உட்காருவான்.

கெடிலக்கரை_டீச்சர் (அதே நாள், இரவு 11.05)

அந்தக் கணக்குலேர்ந்து கழிக்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு அவங்ககிட்ட கொடுங்க தம்பி. அப்ப நம்புவாங்க.